கையெழுத்தா? தலையெழுத்தா?

ஒரு வெள்ளைத் தாள்; ஒரு பேனா; உள்ளே தாழிட்ட ஒரு கதவு. மேசைக்கு அப்புறம் மூன்று பேர். மூவருக்கும் நாற்காலி உண்டு. இப்புறம் ஒருவன், அவனுக்கு நாற்காலி இல்லை. 19 ஆண்டுகள் நின்றபடியே நூல் நூற்றவனுக்கு நாற்காலி எதற்கு என்று எண்ணினார்கள் போலும்!

"உன்மீது விசாரணை நடக்கிறது. முடிவு என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். திருடன் என்ற பட்டத்தோடு வெளியே போகப் போகிறாயா? அல்லது 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுக் கௌரவமாகப் போகப் போகிறாயா? உன் பெண் கல்லூரியில் படிக்கிறாளாமே, யோசித்துப் பார்!"

கொங்கு நாட்டு நூற்பாலை ஒன்றில் கேட்ட குரல் இது. ஆலையின் பெயர் வேண்டாம். அந்த ஓர் ஆலைக்கு மட்டும் சொந்தமான வழக்கமாக இருந்தாலன்றோ பெயரைச் சொல்ல வேண்டும்!

அந்தத் தோழர் நம்மைத் தேடி வந்தபோது இரவு மணி ஒன்பது. அவர் கையில் எதுவும் இல்லை. எழுதிக் கொடுத்த தாளின் நகல்கூட இல்லை.

"ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்டோம்.

"என்னங்க பண்றது? மூணு மணி நேரம் உள்ளேயே நிக்க வெச்சாங்க. போலீசுக்குப் போன் பண்ணட்டுமான்னாங்க. புள்ள பேரைச் சொன்னாங்க. சரி, என் தலையெழுத்துன்னு போட்டுட்டேனுங்க."

தலையெழுத்தாம்! தோழர்களே, நாம் சொல்கிறோம்: அவர் தலையில் எவனும் எதையும் எழுதவில்லை. தாளில் எழுதச் சொன்னவன்தான் உண்டு. அவனுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, அவனைக் கேள்வி கேட்கச் சட்டமும் உண்டு. கையெழுத்தைத் தலையெழுத்து என்று எண்ணித் தலை கவிழ்ந்து போகிறவன் இருக்கும்வரை, அந்த அறையின் தாழ்ப்பாளுக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

அதே வட்டாரத்தில் இன்னொரு ராஜினாமாவையும் நாம் கண்டோம். அவர் தொழிலாளியல்லர், அதிகாரி. குளிர்சாதன அறைக்காரர். அவர்மீது பெண் தொழிலாளி ஒருவர் புகார் கொடுத்திருந்தார். என்ன புகார் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. விசாரணைக் குழு கூட வேண்டிய நாளுக்கு முதல் நாள் அதிகாரி ராஜினாமாக் கடிதம் நீட்டினார். ஒரு மணி நேரத்தில் ஏற்பு! மறுநாள் மாலை; மரியாதை; 'நன்னடத்தை உடையவர்' என்று நற்சான்று; அடுத்த மாதம் அடுத்த ஆலையில் அதே பதவி. குழு கூடவில்லை. "ஆள்தான் போய்விட்டாரே, இனி யாரை விசாரிப்பது?" என்று கோப்பைக் கட்டி வைத்தார்கள். புகார் கொடுத்த பெண்ணோ அதே எந்திரத்தின் முன்னால், அதிகாரியின் நண்பர்களது ஏளனப் பார்வையின் நடுவே, இன்றும் நிற்கிறார்.

ஒரே சொல், இரண்டு பொருள்! ஏழைக்கு ராஜினாமா என்பது கழுத்தில் மாட்டும் சுருக்கு. பெரியவருக்கு ராஜினாமா என்பது கழுத்தில் விழும் மாலை. அவனை விரட்ட அதுவே வழி. இவரைத் தப்புவிக்கவும் அதுவே வழி. இரண்டு இடத்திலும் பலியாவது ஒன்றே ஒன்று: உண்மை! விசாரணை நடந்திருந்தால் வெளிவந்திருக்க வேண்டிய உண்மை!

விசாரணையைக் கண்டு அஞ்சுவது யார்?

நிர்வாகத்தார் ராஜினாமாவின்மீது இவ்வளவு காதல் கொள்வானேன்? காரணம் கருணையல்ல, கணக்கு!

முறையான விசாரணை என்றால் என்ன? குற்றச்சாட்டை எழுத்தில் தரவேண்டும். பதில் சொல்ல அவகாசம் தரவேண்டும். சாட்சிகளைத் தொழிலாளியின் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். அவன் குறுக்குக் கேள்வி கேட்க இடம் தரவேண்டும். அவன் தரப்புச் சாட்சியைக் கேட்க வேண்டும். விசாரணை அதிகாரியின் முடிவைக் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். குற்றம் மெய்ப்பட்டாலும் அதற்கேற்ற தண்டனைதான் தரவேண்டும். எறும்பைக் கொல்ல ஏர்க்காலைத் தூக்கினால், தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. 1971-ல் தொழில் தகராறு சட்டத்தில் செய்த திருத்தத்தால் வந்த அதிகாரம் அது. புதிய சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது.

அதோடு, வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரே ஒரு தொழிலாளியின் வழக்கும் தொழில் தகராறுதான் என்று 1965-ல் வந்த திருத்தம் சொன்னது. சங்கம் வந்தாலும் வராவிட்டாலும் அவன் தனியாளாகவே வாதாடலாம்.

இத்தனை வேலியையும் ஒரே தாவலில் தாண்ட ஒரு வழி உண்டு: "அவனே போய்விட்டான்!" என்று காட்டிவிடுவது. குற்றப்பத்திரிகை வேண்டாம், சாட்சி வேண்டாம், குறுக்குக் கேள்வி வேண்டாம், தீர்ப்பாயமும் வேண்டாம். வேலைநீக்கம் என்றால் நியாயம் காட்ட வேண்டிய பொறுப்பு நிர்வாகத்தின் தலையில் இருக்கும். ராஜினாமா என்றாலோ, "என்னை மிரட்டி வாங்கினார்கள்" என்று மெய்ப்பிக்கும் பாரம் தொழிலாளியின் முதுகில் ஏறிவிடும். தாழிட்ட அறைக்குள் நடந்ததற்கு அவன் எங்கே போவான் சாட்சிக்கு? சுவரையா கூப்பிடுவான்?

பாருங்கள் தந்திரத்தை! குற்றம் சாட்டியவர்கள் அவர்கள். மெய்ப்பிக்க வேண்டியவனோ இவன்!

பசியை ஏவும் போர்

கதவைத் தாழிடுவது ஒரு முறை. தாழிடாமலே கையெழுத்து வாங்குவது இன்னொரு முறை. அதற்குப் பெயர் 'விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கம்'. வேலையும் இல்லை, விடுதலையும் இல்லை. இன்று வா, நாளை வா என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பு. அடுப்பு அணைந்த வீட்டில் கொள்கை எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? நாலாம் மாதம் அவனே வந்து, "கணக்கை முடித்துக் கொடுங்கள் சாமி" என்பான் என்பது அவர்கள் போடும் கணக்கு.

இதைத் தடுக்கத்தான் பிழைப்பூதியம் என்ற ஏற்பாடு வந்தது. முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதம். அதற்கு மேலும் விசாரணை நீண்டு, தாமதத்துக்குத் தொழிலாளி காரணமில்லை என்றால் 75 சதவீதம். 1982-ல் நிலையாணைச் சட்டத்தைத் திருத்தி இந்த விகிதத்தை வைத்தார்கள். 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அதே விகிதம் இருக்கிறது. விசாரணையைச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

பிழைப்பூதியம் பிச்சையல்ல, உரிமை. மராட்டிய மாநிலத்தில் ஒரு விதி இருந்தது. குற்ற வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருக்கும் ஊழியருக்கு மாதம் 1 ரூபாய் பிழைப்பூதியம்! மாதம் முழுவதற்கும் ஒரே ஒரு ரூபாய்! 1983-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தூக்கி எறிந்தது.

கோலார் தங்கவயலை நம்மவர் மறக்க முடியுமா? தமிழ் உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாய் மண்ணுக்கடியில் இறங்கிய ஊரல்லவா அது! அங்கே பாதுகாப்பு அதிகாரி ஒருவரை 1985-ல் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பிழைப்பூதியம் தரவில்லை. விசாரணைக்குப் போக அவரிடம் பணம் இல்லை, உடல்நலமும் இல்லை. அவர் இல்லாமலே விசாரணையை நடத்தி 1986-ல் வேலைநீக்கம் செய்தார்கள். அதே நிகழ்ச்சி பற்றிய குற்ற வழக்கில் 1987-ல் அவர் விடுதலையானார். 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த வேலைநீக்கத்தை ரத்துச் செய்தது. பிழைப்பூதியம் தராமல் ஒருவனைப் பட்டினி போட்டுவிட்டு விசாரணை நடத்துவது வாழும் உரிமையையே பறிப்பது என்று அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது.

பதினான்கு ஆண்டு! இராமாயணக் கதையில் வனவாசத்துக்குக்கூட அவ்வளவுதான் கணக்கு. எனினும், அவர் ராஜினாமாத் தாளில் கையெழுத்திடாமல் நின்றதால்தானே இந்தத் தீர்ப்பு நமக்குக் கிடைத்தது!

நீதிபதிக்கு ஒரு நியாயம், தொழிலாளிக்கு ஒரு நியாயமா?

"கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன செய்வது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்வோம்.

அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி. 1977 மே 7 அன்று குடியரசுத் தலைவருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார். ஆகஸ்டு 1 முதல் விலகுவதாகச் சொன்னார். ஜூலை 15 அன்று மனம் மாறி, கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மறுபடியும் எழுதினார். செல்லுமா, செல்லாதா என்று வழக்கு நடந்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ராஜினாமா நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்னால் அதைத் திரும்பப் பெறலாம், தடையில்லை என்றது. நீதிபதி பதவியில் நீடித்தார்.

சட்டம் படித்த நீதிபதி, வீட்டிலே அமைதியாக உட்கார்ந்து, யாருடைய மிரட்டலும் இல்லாமல் எழுதிய கடிதத்தையே திரும்பப் பெறலாம் என்றால், நின்ற காலோடு நடுங்கிய கையோடு எழுதிய தொழிலாளி திரும்பப் பெறக்கூடாதா?

"நாங்கள் அன்றிரவே ஏற்றுக்கொண்டுவிட்டோம்" என்று ஒரு கோப்பைக் காட்டுவார்கள். அதற்கும் விடை இருக்கிறது. கொங்கண் ரயில்வே ஊழியர் ஒருவர் 23 ஆண்டு பணிக்குப் பிறகு 2013-ல் ராஜினாமாக் கொடுத்தார். 2014 மே மாதம் திரும்பப் பெற்றார். ஏப்ரலிலேயே ஏற்றாயிற்று என்றது நிர்வாகம். ஏற்றுக்கொண்ட செய்தி அவரிடம் சேர்ந்ததா என்று கேட்டது உச்ச நீதிமன்றம். அலுவலகத்துக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு ஏற்பு ஆகாது என்று 2024-ல் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. வெளியே இருந்த காலத்துக்கு 50 சதவீத ஊதியமும் தரச் சொன்னது.

இனி அடிப்படைக்கு வருவோம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் என்ன சொல்கிறது? வற்புறுத்திப் பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதமல்ல; அப்படிச் சம்மதித்தவன் அதைத் தள்ளிவிடலாம் என்கிறது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துச் சட்டத்துக்கே இந்த நியாயம் தெரிந்திருந்தது. நம்மூர் முதலாளிமாருக்கு இன்னும் தெரியவில்லை!

பயம் காட்டும் பொய்கள்

"ராஜினாமாச் செய்தால் பணிக்கொடை கிடைக்கும், டிஸ்மிஸ் ஆனால் சல்லிக்காசு கிடைக்காது" என்பார்கள். பாதி உண்மை, முழுப் பொய்யைவிடக் கொடியது. உண்மை என்ன?

வேலைநீக்கம் ஆனதாலேயே பணிக்கொடை போய்விடாது. தொழிலாளியின் செயலால் சேதம் வந்தது என்று வேலைநீக்கம் செய்தால், சேதத்தின் அளவுக்கு மட்டும் பிடிக்கலாம். வன்முறை, கலவரம், அல்லது பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம் காரணமாக வேலைநீக்கம் செய்தால்தான் முழுவதையோ ஒரு பகுதியையோ பறிக்கலாம். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இப்படிச் சொன்னது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. திருட்டு என்பது கடுமையான குற்றச்சாட்டுத்தான், மறைக்கவில்லை. ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டும் ஐயா, மெய்ப்பிக்க வேண்டும்! மேசைமேல் தட்டிச் சொன்னால் மெய்யாகிவிடாது.

வருங்கால வைப்பு நிதியோ தொழிலாளி சேர்த்த சொத்து. "நாங்கள் மனம் வைத்தால்தான் பி.எஃப். கிடைக்கும்" என்பது வெறும் பூச்சாண்டி. ஊதியப் பாக்கியும் அப்படியே. ராஜினாமாச் செய்தவராயினும், வேலைநீக்கம் ஆனவராயினும், இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி ஊதியத்தைத் தரவேண்டும் என்பது ஊதியச் சட்டத்தொகுப்பின் கட்டளை. சட்டம் கொடுக்கச் சொன்னதைத் தாங்கள் தருமம் செய்வதுபோல் காட்டித்தான் கையெழுத்தை வாங்குகிறார்கள்.

அவர்கள் கேட்கும் கேள்வி

நம்மைப் பார்த்து நிர்வாகத்தார் கேட்கலாம்: "ராஜினாமாவை ஏற்றால் கட்டாயப்படுத்தினோம் என்கிறீர்கள். ஏற்காவிட்டால் அடிமையாய்க் கட்டி வைத்தோம் என்பீர்கள். நாங்கள் என்னதான் செய்வது? திருடியவனுக்கும் நீங்கள் வக்காலத்தா?"

நேர்மையான கேள்விக்கு நேர்மையான விடை தருவோம். திருடியவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. சக தொழிலாளியின் உழைப்பில் விளைந்த பொருளைத் திருடுகிறவன் நமக்கும் பகைவன்தான். நாம் கேட்பது: திருடினானா என்று கண்டுபிடி! திருடியிருந்தால் தண்டி! திருடவில்லை என்றால், திருடன் என்று சொன்ன வாய் மன்னிப்புக் கேட்கட்டும்! இரண்டும் இல்லாமல், "திருடனா இல்லையா தெரியாது, ஆனால் நீ போய்விடு" என்பது என்ன நீதி? குற்றவாளியானால் தண்டனை குறைவு; நிரபராதியானால் கொடுமை அதிகம்! எந்தப் பக்கம் பார்த்தாலும் அநீதிதானே!

விலக விரும்புகிறவனைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது என்பதும் நமக்குத் தெரியும். கட்டாய உழைப்பை அரசமைப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. தொழிலாளி தெளிந்த மனத்தோடு, வேறு வேலை கிடைத்தோ, வெறுத்துப் போயோ, விசாரணை நடக்கும்போதே விலக விரும்பினால் அது அவன் உரிமை. அவனுடைய கடிதத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, ஆண்டுக்கணக்கில் ஊசலாட விடுவதும் கொடுமையே. ஏற்பதானால் ஏற்று, கணக்கை முடித்து, கோப்பை மூடு. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் சொல்லி, நாள் குறித்து, விசாரணையை முடி. ஏற்றுக்கொண்டு அனுப்பிவிட்ட பிறகு, 'உன்னை டிஸ்மிஸ் செய்தோம்' என்று பின்னால் கடிதம் விடுவது என்ன முறை? இறங்கிப் போன பயணியிடம் டிக்கெட் கேட்பதுபோல் அல்லவா அது!

அரசு ஊழியர் விஷயத்தில் இந்தத் தெளிவு ஓரளவு இருக்கிறது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர் ராஜினாமாக் கொடுத்தால், குற்றச்சாட்டு எத்தன்மையது, சாட்சியம் வலுவானதா, ஏற்பது பொது நலனுக்கு உகந்ததா என்று ஆராய்ந்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசின் நிர்வாகக் கட்டளைகள் சொல்கின்றன. கோட்டையில் இருக்கும் இந்த ஒழுங்கு ஆலையில் ஏன் கூடாது?

பெண் தொழிலாளி கொடுத்த புகார் பற்றியும் இரண்டு சொல். 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். முடிந்த 10 நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். அறிக்கை பெற்ற 60 நாட்களுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். புகாருக்கு ஆளானவர் ராஜினாமாவை நீட்டினால் குழு ஏன் கலைய வேண்டும்? நடந்ததோ ஆலையில், சாட்சிகள் இருப்பதோ ஆலையில், நியாயம் கேட்டு நிற்பவரும் ஆலையில். போனவர் ஒருவர்தான்! குழு உட்காரட்டும், உண்மையை எழுதட்டும். நற்சான்று எழுதிய அதே பேனாவால் அந்த அறிக்கையும் எழுதப்படட்டும்!

நாம் கேட்பது என்ன?

விசாரணை நிலுவையில் இருக்கும்போது ராஜினாமா வந்தால், அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே ஏற்கக்கூடாது. ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். அந்த ஒரு வாரத்தில் தொழிலாளி தன் குடும்பத்தோடு பேசட்டும், சங்கத்தோடு பேசட்டும், மனம் மாறினால் திரும்பப் பெறட்டும். கடிதம் அவன் கையாலேயே, அவனுக்குத் தெரிந்த மொழியிலேயே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தட்டச்சு அடித்து நீட்டி, "இங்கே போடு" என்பது கூடாது. சங்கத் தோழர் ஒருவரோ சக தொழிலாளி ஒருவரோ உடனிருக்க வேண்டும். ஏற்பை எழுத்தில் அவன் கையில் கொடுக்க வேண்டும். அதிகாரிக்கும் இதே விதி. அவருக்கு மட்டும் ஒரு மணி நேர ஏற்பு என்பது ஒழிய வேண்டும்.

இவை ஆகாயத்தில் கட்டும் கோட்டையல்ல. ஒவ்வொரு ஆலையிலும் ஊதிய ஒப்பந்தம் பேச உட்காரும்போது, இந்தச் சில வரிகளையும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். காசு கேட்கவில்லை, ஒழுங்கு கேட்கிறோம்!

முன்னைவிட இன்று இது ஏன் அவசியம்? 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே பொருந்தியது. ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்ததாக அறிவித்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, அந்த 100-ஐ 300 ஆக்கிவிட்டது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முன்பு 3 ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது 2 ஆண்டு. 299 பேர் வேலை செய்யும் ஆலையில், எது குற்றம், எப்படி விசாரிப்பது என்று எழுதி வைக்க வேண்டிய கடமையையே சட்டம் கைவிட்டுவிட்டது. அங்கே நமக்குச் சங்கமும் ஒப்பந்தமும்தான் வேலி. வேலி இல்லாத வயலில் யார் மேய்வார்கள் என்று உழவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டுமா?

தோழர்களுக்கு

தோழர்களே! மேடையில் கைதட்ட அல்ல, மனத்தில் பதிய வைக்கச் சொல்கிறோம்.

அறைக்குள் கூப்பிட்டு எழுதச் சொன்னால், "நாளை சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு சொல்லுக்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. வேலைக்குச் சேரும் நாளில் வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்; போட்டிருந்தால் இன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். மிரட்டி வாங்கிவிட்டார்களா? அன்றிரவே உட்காருங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். "என் விருப்பமின்றி வாங்கிய கடிதம், திரும்பப் பெறுகிறேன், விசாரணைக்கு வரத் தயார்" என்று முடியுங்கள். விடிந்ததும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் சங்கத்துக்கு, ஒரு நகல் தொழிலாளர் துறை அதிகாரிக்கு. ஒரு மாதம் கழித்து வந்து, "அப்போதே மிரட்டினார்கள்" என்றால், அதுவரை ஏன் வாய் திறக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்வது கடினம்.

இது ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல. கணினிமுன் உட்கார்ந்திருக்கும் தம்பிகளையும், "பேப்பர் போடு, இல்லையேல் எங்கும் வேலை கிடைக்காதபடி செய்வோம்" என்று மிரட்டுகிறார்கள். மென்பொருள் நிறுவன ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. சட்டை வெளுப்பாக இருந்தால் சங்கிலி அறுந்துவிடாது, தம்பிகளே!

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளிக்கு நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சோறு உண்ணவும் நேரம் போதவில்லை. அந்த அரை வயிற்றுக்காரர்கள்தான் இந்நாட்டில் தொழிற்சங்கத்துக்கு அடித்தளம் போட்டார்கள். அவர்களும் "தலையெழுத்து" என்று இருந்திருந்தால், நாம் இன்று எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்?

அந்த நூற்பாலைத் தோழர் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றிரவு அவர் சொல்லச் சொல்ல நம் தோழர்கள் எழுதினார்கள், அவர் கையெழுத்திட்டார். அந்த நாளில் அவர் இட்ட இரண்டாவது கையெழுத்து அது. தாமே விரும்பி இட்ட முதல் கையெழுத்தும் அதுதான். காலையில் கடிதம் போயிற்று. "ஏற்றாயிற்று" என்று வாயால் சொல்லிப் பார்த்தார்கள். எழுத்தில் ஏற்பு எங்கே என்று சங்கம் கேட்டது. பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு நாள் குறித்து அறிவிப்பு வந்தது. பிழைப்பூதியமும் வந்தது.

விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. முடிவு என்ன ஆகும் என்று நாம் சோதிடம் சொல்லவில்லை. குற்றம் செய்திருந்தால் தண்டனையை ஏற்பேன் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. முதல் நாள் விசாரணைக்கு அவர் சங்கத் தோழரோடு உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது.

இம்முறை அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்!